மூன்று மா குட்டையும் நான்கு வருஷப் படிப்பும்



உன் கடிதம் கிடைத்தது. பேராவூரணிப் பக்கம் ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டாய், உயிரியலில் நல்ல மதிப்பெண். அப்பாவிடம் மூன்று மாவில் ஒரு குட்டை இருக்கிறது, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். மீன்வளம் படிக்கலாமா, இல்லை படிப்புச் செலவைக் குட்டையில் போட்டு இப்போதே மீன் வளர்க்கலாமா என்று கேட்கிறாய். கடிதத்தின் ஓரத்தில் அம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

நான் மீன்வளம் படித்தவனில்லை. பி.ஏ. வரலாறு. வேலை அமையாமல் இருபத்தாறு வயதில் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தேன். முதல் இரண்டு வருஷம் நல்ல லாபம். வினையே அங்கேதான் தொடங்கியது. மூன்றாம் வருஷம் ஐப்பசியில் நான்கு நாள் சூரியன் முகமே காட்டவில்லை. மீன் தின்னும் என்ற நினைப்பில் வழக்கமான அளவுக்கே தவிடும் கடலைப் பிண்ணாக்கும் பையில் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்குப் போய்ப் பார்த்தால் குளம் முழுக்க வயிறு தெரிய மிதக்கிறது. எவனோ விஷம் வைத்துவிட்டான் என்றுதான் தோன்றியது. பக்கத்து வயல்காரரைப் பார்த்துச் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

அப்போது எங்கள் ஊரில் மீன்வளக் கல்லூரி மாணவன் ஒருவன் தங்கியிருந்தான். நான்காம் ஆண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற அனுப்புவார்களே, அப்படி வந்தவன். கரையில் குந்திக்கொண்டு மூன்றே கேள்வி கேட்டான். பெரிய மீன் அதிகம் செத்ததா, பொடியா? நேற்றுச் சாயங்காலம் நன்றாக இருந்ததா? நாலு நாளாக மூடாக்கா? பிறகு சொன்னான்: “ஐயா, இது விஷமில்லை. விஷமென்றால் பொடியும் சேர்ந்து போயிருக்கும். மூச்சு முட்டியிருக்கிறது.”

தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசிதான் பகல் வெளிச்சத்தில் ஆக்சிஜனைக் கொடுக்கிறது. ராத்திரியில் அதே பாசி மீனோடு போட்டி போட்டுக்கொண்டு ஆக்சிஜனை இழுக்கிறது. அடியில் அழுகும் மிச்சத் தீவனத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே கரைந்த ஆக்சிஜன் சாயங்காலம் உச்சத்தில் இருக்கும், விடிவதற்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு வரும். தொடர்ந்து மூடாக்கு என்றால் பகல் வரவும் குறைந்துபோகும். கெண்டை வளர்ப்புக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. என் குளத்தில் அன்று விடியலில் எவ்வளவு இருந்ததோ, அளக்க என்னிடம் கருவி இல்லை. நாலரை மணிக்கு நான் கரையில் நின்றிருந்தாலே போதும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பேன். பம்பைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்டியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

அந்தப் பையனை நான் தூக்கிவைத்துப் பேசுவதாக நினைக்காதே. மறுநாள் எடை பார்க்க வீச்சு வலையைக் கொடுத்தேன். தோளில் போடவே தெரியவில்லை. வீசினான், கயிற்று முடிச்சு மாதிரி ஒரே இடத்தில் போய் விழுந்தது. காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது, வலை எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் அந்த வருஷக் குத்தகைப் பணம் போயிருக்காது. உனக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: படி. ஆனால் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன் குட்டையில் ஒரு பருவம் இருந்துவிட்டுப் போ.

எங்கே படிப்பது என்பது பெரிய ஆராய்ச்சி இல்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இல் தொடங்கியது. 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் வந்த பிறகு பொன்னேரி, தலைஞாயிறு என்று கல்லூரிகள் பெருகிவிட்டன. பி.எஃப்.எஸ்சி. நான்கு வருஷம். இயந்திரம், குளக் கட்டுமானத்தில் நாட்டமிருந்தால் மீன்வளப் பொறியியலும் இருக்கிறது. மேற்படிப்புக்கு மும்பையில் 1961-இல் தொடங்கிய மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். இதையெல்லாம் உன் பள்ளி ஆசிரியரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். இந்தப் படிப்பு உன்னை மீன் பண்ணைக்காரியாக ஆக்கும் என்று எதிர்பார்க்காதே. என் கண்ணில் பட்ட பட்டதாரிகளில் பெரும்பாலோர் மீன்வளத் துறை, வங்கி, தீவனக் கம்பெனி, இறால் பொரிப்பகத்து ஆய்வகம் என்று போய்விட்டார்கள். மாதச் சம்பளம் தப்பில்லை. ஆனால் உனக்கு எது வேண்டும் என்று தெரியாமலே முடிவெடுக்கக் கூடாது. அதற்குத்தான் ஒரு பருவம் என்கிறேன்.

அந்தப் பருவத்தை உன் குட்டையில் கழிப்பதைவிட ஒரு கெண்டைக் குஞ்சுப் பண்ணையில் கழிப்பது நல்லது. ஆடி, ஆவணியில் போ. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். குட்டையில் வளரும், சினைப்படும், ஆனால் முட்டையிடாது. வெள்ளம் பாயும் ஆறு வேண்டும் அதற்கு. ஒரு காலத்தில் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டித்தான் குஞ்சு சேகரித்தார்கள். வேண்டாத மீனின் குஞ்சும் கலந்தே வரும். 1957 ஜூலை 10-இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, மீனின் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து அதன் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இந்தியாவில் ஜூலை 10 மீன் விவசாயிகள் தினமாக இருப்பது அதனால்தான். இன்று சுரப்பிக்குப் பதில் தயார் ஊசிமருந்து வந்துவிட்டது. மாலையில் ஊசி போட்டால் விடிவதற்குள் வட்டத் தொட்டியில் முட்டை சுழல ஆரம்பித்துவிடும். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் அன்றிரவு தூங்குவதில்லை.

ஆனால் பண்ணையில் உனக்குக் கிடைக்கும் வேலை ஊசி போடுவதாக இருக்காது. நாற்றங்கால் குளம் தயார் செய்யச் சொல்வார்கள். விரால், கெளுத்தி போன்ற குஞ்சு தின்னிகளை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ. அதிலுள்ள சபோனின் செவுள் வழியாக ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும். இறாலுக்குச் சிவப்பணு கிடையாது, அதனால் தப்பித்துக்கொள்ளும். இறால் குளத்தில் மீனை மட்டும் களைவதற்கு இதையே பயன்படுத்துவதன் சூட்சுமம் அதுதான். இரண்டு, மூன்று வாரத்தில் விஷம் தணிந்து பிண்ணாக்கே உரமாகிவிடும். அடுத்தது நீர்ப்பூச்சிகள். மூன்று நாள் வயதுக் குஞ்சு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, பூச்சி அதை உறிஞ்சிவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் ஹெக்டேருக்கு 56 கிலோ எண்ணெயும் 18 கிலோ சோப்பும் கரைத்து ஊற்றினால் நீர்மேல் படலம் கட்டும், மூச்சுக்கு மேலே வரும் பூச்சி திணறிச் சாகும். இதைச் செய்ய உனக்கு ஒரு நாள் ஆகும். கை பிசுபிசுப்பு போக மூன்று நாள்.

எடை போடும் கணக்கையும் அங்கேயே கற்றுக்கொள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வலை வீசி ஐம்பது மீனை நிறுத்துச் சராசரி எடு. 400 கிராம் என்று வை. விட்டது 2,000, இருப்பது 1,800 என்று கொண்டால் குளத்தில் 720 கிலோ மீன். எடையில் இரண்டு சதவீதம் தீவனம், அதாவது நாளுக்கு 14 கிலோ சொச்சம். என்னைப் போன்றவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் கண்மதிப்பில் மூட்டையைக் கொட்டுவார்கள். அதிகப்படியானது அடியில் அழுகி விடியற்காலையில் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

பயோஃப்ளாக் பற்றிக் கேட்டிருந்தாய். தொழில்நுட்பத்தில் குறையில்லை. நீரில் வெல்லப்பாகு மாதிரி ஏதாவது கார்பன் சேர்த்து, கழிவைப் பாக்டீரியாவைக் கொண்டு தீவனமாக்கும் வித்தை அது. ஆனால் தொட்டியில் காற்று ராப்பகலாக ஓட வேண்டும். மின்சாரம் போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் உன் முதலீடு கொஞ்ச நேரத்தில் மிதக்கும். என் உறவினர் ஒருவர் ஒருநாள் பயிற்சிக்குப் போனார். பயிற்சி கொடுத்தவரே தொட்டியும் விற்றார், குஞ்சும் விற்றார், தீவனமும் விற்றார். மீனை வாங்கிக்கொள்ள மட்டும் வரவில்லை. குறுகிய காலப் பயிற்சி வேண்டுமானால் சிக்கல் என்ற ஊரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போ. கடலோர மீன், இறால் என்றால் சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். கொடுவா மீனை இந்தியாவில் முதன்முதலாகப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தவர்கள் அவர்கள், 1997-இல்.

இறால் என்றதும் ஒன்று. உன் அப்பாவுக்கு இது நினைவிருக்கும். தொண்ணூறுகளில் நம் கரையோரம் முழுக்க இறால் குட்டை வெட்டினார்கள். உப்பு நீர் கசிந்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. காந்தியர் எஸ். ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பாடப் புத்தகத்தில் இது நாலு வரியாக இருக்கலாம். நீ தீர்ப்பையே தேடிப் படி. உன் குட்டைத் தண்ணீர் எந்த வாய்க்காலில் போய் விழுகிறது, அதற்குக் கீழே யார் நடவு செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து படி.

உனக்கு இப்போதைக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு வெப்பமானி. காலை நாலரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் குட்டைக்குப் போ. வெப்பநிலையைக் குறி. பிற்பகலில் மட்டும் முழங்கை வரை கையை நீரில் விட்டு விரல் தெரிகிறதா என்று பார். தெரியவில்லை என்றால் பாசிக்குக் குறைவில்லை, முழங்கைக்கு முன்பே மறைந்தால் அதிகம். மீன் எங்கே நிற்கிறது என்று எழுது. தனியாகப் போகாதே, அப்பாவையும் எழுப்பு, பாம்பு இருக்கும். ஒரு மாதம் கழித்து நோட்டை எனக்கு அனுப்பு. பக்கங்கள் காலியாக இருந்தாலும் அனுப்பு.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். கையில் மீன் வாடை போகுமா என்று கேட்கிறார்கள். புளியைக் கரைத்துத் தேய்த்தால் பாதி போகும். மீதி பாதி போகாது. என் மனைவி முப்பது வருஷமாகச் சொல்கிறாள், எனக்குத் தெரிவதில்லை.