செவலை எதற்காக வெளியே போகிறது?

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. உன் நாய் செவலை மறுபடியும் வேலியைத் தாண்டிப் போய், பொழுது சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். வேலியை எட்டடிக்கு உயர்த்திவிடலாம் என்கிறார் அப்பா. சங்கிலி போட்டுக் கட்டு என்கிறார் அப்பாரு. இரண்டுக்கும் முன்னால் நீ கண்டுபிடிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது எதற்காக வெளியே போகிறது? அது தெரியாமல் ஒரு வழியை அடைத்தால், நாய் வேறு வழியைத் தேடிக்கொள்ளும்.

நீ கவலைப்படுவது நியாயம்தான். நாட்டிலேயே நீளமான சாலையான தேசிய நெடுஞ்சாலை 44, சேலத்திலிருந்து ராசிபுரம், புதுச்சத்திரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று உங்கள் பக்கமாகத்தான் போகிறது. இருட்டில் குறுக்கே ஓடும் நாயை லாரி ஓட்டுநர் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதைவிடக் கிட்டத்தில் இருப்பவை நம் காடுகளில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் கிடக்கும் பெரிய கிணறுகள். மயிலைத் துரத்தி ஓடும் நாய் கிணற்று விளிம்பைக் கவனிப்பதில்லை. மூன்றாவது, அடுத்தவர் பட்டி. திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் செய்திகளில் வந்தன. வீட்டில் சாதுவாக இருக்கும் நாயும் கூட்டத்தோடு சேர்ந்தால் ஆட்டை விரட்டும். நாம் கவனக்குறைவாக விட்ட நாயால் யாருக்காவது காயம் ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவுப்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். செவலையைக் காப்பதும் ஊரைக் காப்பதும் ஒரே வேலை.

ஒரு நோட்டை எடுத்துக்கொள். செவலை போகும் ஒவ்வொரு முறையும் நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது ஆகியவற்றை எழுது. காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

ஆண் நாய் என்றால் முதலில் நினைக்க வேண்டியது பருவம். பெட்டை நாய்க்கு ஏறத்தாழ ஆண்டுக்கு இரண்டு முறை பருவம் வரும். ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் வரை நீடிக்கும். அந்த வாசனை எட்டிவிட்டால் ஆண் நாய் சோற்றைக்கூட மறந்துவிடும். இதற்கு நல்ல தீர்வு கருத்தடை அறுவை. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள மருத்துவரிடம் காட்டி, எந்த வயதில் செய்யலாம் என்று கேள். அறுவைக்குப் பிறகு சுற்றும் ஆசை குறைய சில வாரங்கள் ஆகும் என்பதையும் நினைவில் வை.

இரண்டாவது, தீனி. கோழிப்பண்ணைகள் நிறைந்த ஊர் உங்களுடையது. செத்த கோழியைக் குழியில் புதைக்காமல் இட்டேரியில் வீசினால், சுற்று வட்டார நாய்கள் எல்லாம் அங்கே கூடும். எந்த இடத்தில் வீசுகிறார்கள் என்று பார்த்துப் பெரியவர்களை விட்டுப் பேசச் சொல்.

மூன்றாவது, பயம். தீபாவளி, நோம்பி, சாவு ஊர்வலம் என்று வெடிச்சத்தம் கேட்கும் நாளில் நாய் எதையும் தேடிப் போவதில்லை. சத்தத்திலிருந்து தப்பிக்கவே ஓடுகிறது. அன்றைக்கு எந்த வேலியையும் நம்பாதே. வெளிச்சம் இருக்கும்போதே வெளியே கூட்டிப்போய் வந்து, அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்து.

நான்காவது, வேலையின்மை. வளர்ந்து வரும் இளம் நாயால் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க முடியாது. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து வரப்பு வழியே நடத்து. அது முகர்ந்து பார்க்க நினைக்கும் இடத்தில் நிற்க விடு. வீட்டுக்குள்ளேயே தீனியை ஒளித்து வைத்துத் தேடச் சொல். நடந்து களைத்த நாய்க்கு வேலியின் நினைவு குறையும்.

மண்ணைப் பறிப்பதை எல்லாம் தப்பிக்கும் முயற்சி என்று எண்ணிவிடாதே. சித்திரை வெயிலில் வேப்பமரத்தடியில் பறிப்பது குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கத்தான். தப்பிக்கும் எண்ணம் அதில் இல்லை. அந்த இடத்தில் மணல் கொட்டித் தண்ணீர் தெளித்துக் கொடு.

காரணம் பிடிபட்ட பிறகு வேலிக்கு வா. செவலையின் உயரத்துக்குக் குனிந்து, உள்பக்கமாகவே ஒரு சுற்று நடந்து பார். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத பொத்தல்கள் அப்போது தெரியும். பழைய கிளுவை வேலியில் அடிப்பக்கம் கிளை செத்து இடைவெளி விழும். அதில் வேலிக்காத்தான் முள்ளை அடைத்தால் கரையான் அரித்து மறுபடியும் கடவு ஆகிவிடும். வாய்க்கால் வேலிக்கு அடியில் புகும் இடம் இன்னொரு வாசல். அங்கே தண்ணீர் போகும்படி இரும்புக் கம்பிகளை நிறுத்திவை.

அடியில் பறித்துப் போகும் நாய்க்கு உயரத்தைக் கூட்டிப் பயனில்லை. கம்பிவலையின் அடியை ‘ட’ போல உள்பக்கம் மடித்து, ஒன்றரை இரண்டு அடி அகலத்துக்கு மண்ணுக்குள் படுக்க வை. நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும். காலுக்கடியில் வலை தட்டினால் விட்டுவிடும். நம் பக்கம் பலகைக்கல் கிடைப்பது எளிது. அதை வேலியோரம் வரிசையாகப் பதித்தாலும் போதும். ஐப்பசி மழையில் செம்மண் இளகுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மேலே ஏறிப் போகும் நாய் என்றால், முதலில் ஏணிகளை அகற்று. சோளத்தட்டுப் போர், செங்கல் அடுக்கு, தண்ணீர்த் தொட்டி எதுவும் வேலியை ஒட்டி இருக்கக் கூடாது. பிறகு கல்லுக்காலின் உச்சியில் இரும்புத் துண்டைப் பொருத்தி, ஒன்றரை அடி வலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டு. மோட்டார் அறையில் கிடக்கும் பிவிசி குழாய்த் துண்டுகளை மேல்கம்பியில் கோத்துவிட்டாலும் நல்லது. காலை வைத்தால் குழாய் உருளும், நாய்க்குப் பிடி கிடைக்காது. வெளியே ஓடும் மயிலும் ஆடும் கண்ணில் பட்டுத்தான் தாவுகிறது என்றால் அந்தப் பக்கத்துக்குத் தென்னந்தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டி மறை. முள்கம்பி வேண்டாம். நம் வெயிலில் கிழிந்த காயத்தில் புழு வைத்துவிடும். வேலியில் வீட்டு மின்சாரத்தை இழுத்துவிடுவதைப் பற்றி யாராவது பேசினால் உடனே அப்பாவிடம் சொல். அது நாயை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும், சட்டப்படி குற்றமும்கூட.

வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேட் திறந்திருந்தால் வீண். இதற்கு உங்கள் ஊர்ப் பண்ணைகளைப் பார். நோய் உள்ளே வராமல் இருக்க, வண்டிச் சக்கரமும் ஆள் காலும் மருந்துத் தண்ணீரில் நனைந்த பிறகே உள்ளே போக விடுகிறார்கள். அதே ஒழுங்கை நீயும் கொண்டு வா. கேட்டுக்கு உள்ளே ஆறடி தள்ளி இன்னொரு சிறு படல். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். பால்காரர், தீவன லாரி வரும் நேரத்தில் செவலையை வேறு இடத்தில் அடைத்து வை.

சங்கிலியைப் பற்றி அப்பாருவிடம் மரியாதையாகச் சொல். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, குட்டைச் சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடமாட விடாமல் வைப்பதையும் கொடுமை என்கிறது. கட்டியே கிடக்கும் நாய் எரிச்சல் கொண்டு கடிக்கப் பழகும். வேலி வேலை முடியும் வரை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு மரங்களுக்கு இடையே மேலே கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் கயிற்றைக் கட்டு. நிழலும் தண்ணீரும் எட்டும்படி இருக்கட்டும்.

கழுத்துப் பட்டையில் அப்பாவின் தொலைபேசி எண்ணைப் பொறித்துப் போடு. பட்டைக்குள் உன் இரண்டு விரல் நுழைய வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட்டு, அட்டையைப் பத்திரமாக வை.

கடைசியாக ஒன்று. போய்விட்டுத் திரும்பி வரும் செவலையை அடிக்கவே அடிக்காதே. அடி விழுவது வந்ததற்காக என்றுதான் நாய்க்குப் புரியும். அடுத்த முறை கூப்பிட்டால் தயங்கும். தினமும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்ததும் ஒரு வாய் தீனி கொடுத்துப் பழக்கு. எந்த வேலியும் ஒரு நாள் பழுதாகும். அன்றைக்கு நெடுஞ்சாலைக்குப் போகாமல் உன் குரலுக்குத் திரும்புகிற நாயை உருவாக்க, இன்றைக்கே தொடங்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா