உள்ளே யார் இருக்கிறார்கள்?

சென்ற குளிர்கால விடுமுறையில் ஒரு நாள், நள்ளிரவு தாண்டி இரண்டு மணி இருக்கும். டில்லியில் எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் ஓர் அறையிலிருந்த ஹீட்டரின் ஒயர் கருகித் தீப்பற்றியது. நடைவழியெங்கும் புகை. அனைவரும் முற்றத்துக்கு ஓடி வந்தோம். "உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா?" என்று காவலர் கேட்டார். விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

வடநாட்டு நண்பர்களிற் பலர் வீட்டுக்குச் சென்றிருந்தனர். சென்னையோ ரயில் வழியில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்! ஆதலின் நம்மவர் சிலர் தங்கிவிட்டோம். விடுமுறைப் பதிவேட்டில் எங்கள் பெயர்களே இல்லை. தம்பி ஒருவனைக் காணோமென்று இரண்டு அண்ணன்மார் முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு புகைக்குள் மீண்டும் புகுந்தனர். தம்பியோ ஆய்வுக்கூடத்தில் தன் சோதனையோடு விழித்திருந்தான்! அண்ணன்மார் இருமிக்கொண்டே திரும்பி வந்தனர், நாங்கள் பிழைத்தோம்.

அவர்கள் அன்பு பெரிது. ஆனால் செயல் தவறு. ஏன்? புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். ஈரத்துணி கரித்துகளை ஓரளவு தடுக்கும், இவ்வாயுவைத் தடுக்காது. வீரம் இருந்தது, பட்டியல் இல்லை. அதுவே அன்றைய குறை.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எனினும் நம் மாடியில் இன்றிரவு உறங்குவோர் யார் என்பதை நாம்தாமே எழுதி வைக்க வேண்டும்? நாம் செய்யத்தக்கவை இவை:

1. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பட்டியல். இரவில் வெளியே தங்குவோர் அதில் குறித்துவிட்டுச் செல்க.

2. கூடுமிடம் ஒன்றே. வெளியே வந்தவுடன் அங்கு நின்று எண்ணுக. குறைந்தவர் பெயரைத் தீயணைப்பு வீரரிடம் சொல்லுக, உள்ளே திரும்பற்க.

3. அழைப்பதற்கு இருவரை முன்னரே அமர்த்துக. எண் 112. விடுதியின் பெயர், வாயில், மாடி ஆகியவற்றை இந்தியில் சொல்லப் பழகுக.

4. லிப்டை விட்டுப் படிக்கட்டில் இறங்குக. படியிலும் புகை சூழ்ந்திருந்தால் அறைக் கதவை மூடி, அடியிலுள்ள இடுக்கை ஈரத்துணியால் அடைத்து, சன்னலருகே நின்று அழைக்க.

5. மின்சாரத் தீயில் நீர் ஊற்றற்க. இணைப்பைத் துண்டித்துக் கரியமில வாயுக் கருவியைப் பயன்படுத்துக.

இவற்றைப் படித்தால் மட்டும் போதாது. ஓரிரவு எல்லோரும் இறங்கி வந்து எண்ணிப் பார்த்துப் பழக வேண்டும். அடுத்த விடுமுறைக்கு முன், தங்கப் போகிறவர்கள் தங்கள் பெயரையும் அறை எண்ணையும் நம் சங்கச் செயலரிடம் கொடுங்கள். அவர் அப்பட்டியலை வார்டனிடம் சேர்ப்பார். காவலர் மறுமுறை கேட்கும்பொழுது, விடை நம் கையில் இருக்கட்டும்.