நம்ம ஊர்ப் பதிவேட்டில் என்ன இருக்கு?

ஊராட்சியோ நகராட்சியோ, ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம். இதற்கான தேசிய ஆணையம் 2003 முதல் நம்ம சென்னையில்தான் இயங்குகிறது.

ஊர் மக்களே குழு உறுப்பினர்கள். ஊராரிடம் கேட்டு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' எழுதுவது இவர்களின் முக்கிய வேலை. குளத்து மீன், பழைய நெல் வகை, மூலிகை, வைத்தியமுறை எல்லாம் அதில் ஏறும்.

"எழுதி என்ன ஆகப்போகுது?"ன்னு கேட்கலாம். குளம் தூர்ந்தால் எந்த மீன் போச்சுன்னு சொல்ல ஏடு வேணுமே!

குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்றது 2004 விதி. சரிதானே? எங்க அப்பத்தா பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரைன்னு வரப்பிலேயே பிரித்துச் சொல்வாங்க.

நண்பர்களே, உங்க வீட்டுப் பெரியவங்க சொல்வதை எழுதி வாங்க. அது நம்ம ஊர்ப் பதிவேட்டில் இருக்கான்னு கிராமசபையில் கேட்கச் சொல்வோம்.