கோணல் காசு போலியா?

கேள்வி: ஸ்பெயினின் லியோன்-காஸ்தீல் மன்னர் ஆறாம் அல்ஃபோன்சோவின் வெள்ளிக்காசு படம் ஒன்று பார்த்தேன். வட்டமாகவே இல்லை, எழுத்தும் பாதி காணோம். போலியோ?

பதில்: அந்தக் கோணலை வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். கையால் அடித்த காசு அப்படித்தான் இருக்கும். கீழ் அச்சை மரக்கட்டையில் பதித்து, அதன்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கை கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து விளிம்புக்கு வெளியே போய்விடும். சந்தேகப்பட வேண்டியது வார்ப்புக் காசைத்தான். அதன் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும்.

அல்ஃபோன்சோ 1085இல் தொலேதோ நகரைப் பிடித்தார். அங்கே அடித்த ‘தினேரோ’ காசின் ஒரு பக்கம் சிலுவை; சுற்றிலும் ‘ஆன்ஃபுஸ் ரெக்ஸ்’, அதாவது அல்ஃபோன்சோ மன்னர். மறுபக்கம் இரண்டு நட்சத்திரம், இரண்டு வளையம், நகரின் பெயர். எடை சுமார் 1 கிராம்தான். வெள்ளிக்காசு என்று பேரே தவிர, செம்புதான் அதிகம். எனக்கு இதில் பிடித்தது அந்த நகரின் பெயர்தான். அரபு எழுத்துக் காசுகள் புழங்கிய ஊரில், லத்தீனில் ‘தொலேத்தும்’ என்று பொறித்துக் கைக்குக் கை அனுப்பியது, ஆட்சி மாறியதை ஊருக்கெல்லாம் அறிவித்த செயல்.