பவர் பிஐயில் தரவின் விவரத்தையும் அட்டவணை உறவுகளையும் பார்க்கும் முறை

ஒரு நெடுவரிசையில் எத்தனை மதிப்புகள் உள்ளன, அவற்றுள் எவை வெற்றானவை, எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைத் தொகுத்துக் காட்டும் பரிசோதனை 'தரவு விவர ஆய்வு' எனப்படும். மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் இவ்வாய்வு பவர் குவெரி எடிட்டரிலும், அட்டவணைகளுக்கு இடையிலான உறவு 'மாடல் வியூ'விலும் காட்டப்படுகின்றன. உறவுக்கோடு சரியானதா என்பதற்கான சான்று எடிட்டரில்தான் கிடைப்பதால், அங்கிருந்தே தொடங்குவது முறை.

முதலில் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' பொத்தானை அழுத்தி எடிட்டரைத் திறந்து, 'வியூ' தாவலில் நெடுவரிசையின் தரம், பரவல், விவரம் ஆகியவற்றுக்கான மூன்று பெட்டிகளிலும் குறியிட வேண்டும். மென்பொருள் இயல்பாக முதல் 1000 வரிசைகளை மட்டுமே ஆராய்வதால், 1001ஆவது வரிசையில் உள்ள பிழை கண்ணில் படாது. ஆகவே சாளரத்தின் அடியிலுள்ள நிலைப்பட்டையில் இந்த 1000 வரிசை வரம்பைக் குறிக்கும் வாசகத்தைச் சொடுக்கி, முழுத் தரவையும் ஆராயும்படி மாற்றிய பின்னரே எண்களை நம்பலாம். பெரிய அட்டவணைகளில் இதற்கு நேரம் பிடித்தாலும் இப்படியைத் தவிர்க்கலாகாது.

அடுத்து, பரவல் காட்டும் இரண்டு எண்களைப் பிரித்தறிய வேண்டும்: ஒன்று வெவ்வேறான மதிப்புகளின் எண்ணிக்கை, மற்றது ஒரே ஒருமுறை மட்டும் வரும் மதிப்புகளின் எண்ணிக்கை. 1000 வரிசைகள் கொண்ட வாடிக்கையாளர் அட்டவணையில் வாடிக்கையாளர் எண்ணுக்கு முதலாவது 998 என்றும் இரண்டாவது 996 என்றும் வந்தால், இரண்டு எண்கள் இருமுறை பதிவாகியுள்ளன என்று பொருள். அந்த நெடுவரிசை, ஒரு வரிசையை ஐயமின்றி அடையாளம் காட்டும் திறவுகோலாகத் தகுதி பெறவில்லை. இரு எண்களும் மொத்த வரிசைகளுக்குச் சமமாக இருந்தாலும் ஓர் இடர் எஞ்சுகிறது: பவர் குவெரி 'a101', 'A101' ஆகியவற்றை வெவ்வேறாகக் கருத, தரவு மாதிரியோ பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இரண்டையும் ஒன்றாகவே கொள்கிறது. எனவே எழுத்துக் கலந்த எண்களை முன்னதாகவே ஒரே வடிவுக்கு மாற்றிவிட வேண்டும்.

பின்னர் தரவை ஏற்றி 'மாடல் வியூ'வுக்குச் சென்றால், வாடிக்கையாளர் அட்டவணையின் பக்கம் '1' என்றும், அதனோடு இணைந்த விற்பனை அட்டவணையின் பக்கம் நட்சத்திரக் குறி என்றும் முனையிட்ட கோடு தெரியும். ஒரு வாடிக்கையாளருக்குப் பல விற்பனைகள் இருக்கலாம் என்பதே அதன் பொருள். அம்புக்குறி வடிகட்டல் செல்லும் திசையையும், புள்ளிக்கோடு செயலில் இல்லாத உறவையும் குறிக்கும். இரு முனைகளிலும் நட்சத்திரம் தோன்றினால், அதை ஏற்றுக்கொள்ளாமல் எடிட்டருக்குத் திரும்பி இரட்டைப் பதிவுகளைத் தேடுவதே நல்லது.

ஆனால் கோடு சரியாக அமைந்தும், அறிக்கையில் பெயரில்லாத ஒரு வெற்று வரிசையின் கீழ் விற்பனைத் தொகை நிற்பதுண்டு. வாடிக்கையாளர் அட்டவணையில் இல்லாத எண்கள் விற்பனையில் இருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். எடிட்டரில் விற்பனை அட்டவணையை முதலாவதாக வைத்து, 'மெர்ஜ் குவெரீஸ்' கட்டளையில் 'லெஃப்ட் ஆன்டி' வகையைத் தேர்ந்தெடுத்தால், இணை கிடைக்காத விற்பனை வரிசைகள் மட்டும் தனியே வந்து நிற்கும். அவற்றைத் தரவு வந்த மூலத்திலேயே திருத்தச் செய்ய வேண்டும்.