மூடிய மின் நிலையமும் பையில் வந்த மீட்டரும்

கேள்வி: நானும் நண்பர்கள் மூன்று பேரும் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஓர் அனல் மின் நிலையத்துக்குள், மதில் இடிந்த இடம் வழியாகப் பகலில் போய்ப் படம் பிடித்தோம். பூட்டு எதையும் உடைக்கவில்லை, யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஒரு நண்பன் மட்டும் கன்ட்ரோல் ரூமில் கழன்று கிடந்த பழைய மீட்டர் ஒன்றை நினைவுக்காக எடுத்து வந்துவிட்டான். வீடியோவை வெளியிட்டால் சிக்கல் வருமா? அடுத்து ஓர் இரவில் போய் டர்பைன் ஹாலைப் படமெடுக்க நினைக்கிறோம். செக்யூரிட்டி பிடித்தால், எங்களை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: வாசகர் அதிகம் கவலைப்படுவது உள்ளே போனதைப் பற்றி. மீட்டரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். சட்டத்தின் கண்ணில் கனமான விஷயம் அந்த ஒரு வரிதான். அதற்கு வருமுன், அவர் கேட்ட வரிசையிலேயே மற்றவற்றைப் பார்த்துவிடலாம்.

மூடப்பட்ட இடம் யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஆகிவிடாது. உதாரணத்துக்கு, எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1970இல் ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட். 2017 மார்ச் மாதத்தோடு அது நிறுத்தப்பட்டது. நின்றது உற்பத்தி மட்டுமே. நிலமும் இரும்பும் மின்வாரியத்தின் சொத்தாகவே இருந்தன. அதை ஒட்டியே 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்கும் வேலை தொடங்கப்பட்டது. சோவியத் உதவியோடு கட்டப்பட்ட நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல் மின் நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அதைச் சுற்றி என்எல்சி நிறுவனத்தின் சுரங்கங்களும் மற்ற மின் நிலையங்களும் இன்றைக்கும் இயங்குகின்றன. கொதிகலன் அணைந்த பிறகும் சுவிட்ச்யார்டு துணைமின் நிலையமாக உயிரோடு இருப்பது உண்டு. துருப்பிடித்த வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று கேமராவால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூடிய நிலையங்கள் பெரும்பாலும் ஏலத்தில் ஒரு காயலான் கடை ஒப்பந்ததாரரின் கைக்குப் போகும். அத்துமீறல் வழக்கில் சட்டம் கேட்பது 'உரிமையாளர் யார்' என்பதைவிட 'கைவசம் வைத்திருப்பவர் யார்' என்பதை. உடைப்பு வேலைக்காக இடத்தை ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிட்டால், மின்வாரியப் பொறியாளர் ஒருவர் வாய்மொழியாக "போய்ப் பாருங்கப்பா" என்று சொன்னதுகூடப் போதாமல் போகலாம்.

இனி, உள்ளே போனது குற்றமா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் நுழைந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவதில்லை. நுழைந்தவருக்கு ஒரு நோக்கம் இருந்திருக்க வேண்டும்: குற்றம் ஒன்றைச் செய்வது, அல்லது அந்த இடத்தைக் கைவசம் வைத்திருப்பவரை மிரட்டுவது, அவமதிப்பது, எரிச்சலூட்டுவது. 'மாத்ரி எதிர் பஞ்சாப் அரசு' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நுழைவதால் இன்னொருவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, எரிச்சலூட்டுவதே நுழைந்ததன் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்றது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவைப் பற்றிய தீர்ப்பு அது. புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறியதே தவிர, நோக்கம் வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை.

படம் பிடிக்க மட்டுமே போனோம் என்பது, ஆக, நல்ல வாதம். மீட்டர் மட்டும் பையில் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல வாதமாக இருந்திருக்கும். திருடும் எண்ணத்தோடுதான் நுழைந்தார்கள் என்று போலீஸ் தரப்பு சொல்ல அது இடம் கொடுக்கிறது. குற்ற வழக்கு நிற்காவிட்டாலும், அனுமதியில்லாத நுழைவுக்காக உரிமையாளர் சிவில் வழக்குப் போடலாம் என்பது தனி. 'அத்துமீறி நுழைவது குற்றமே அல்ல' என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பி நம் ஊரில் இறங்க வேண்டாம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் சிவில் விவகாரம். இங்கே நோக்கம் சேர்ந்தால் அது குற்றம்.

குற்றம் என்று தீர்ந்தால் தண்டனை எவ்வளவு? வெறும் அத்துமீறலுக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றம். இடத்தைக் கைவசம் வைத்திருப்பவர் சம்மதித்தால் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் முடியும். ஆனால் ஏணியின் மேல்படிகள் வேறு மாதிரி. பொருள்களைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் கட்டடத்துக்குள் அதே நோக்கத்தோடு நுழைந்தால் ஒரு வருடம் வரை. ஏலத்துக்குக் காத்திருக்கும் இயந்திரங்கள் நிற்கும் டர்பைன் ஹாலை அப்படிப்பட்ட கட்டடம் என்று வாதிடுவது கடினமல்ல. மனிதர் போய்வர அமைக்காத சந்து வழியாகவோ, பூட்டைத் திறந்தோ உள்ளே போனால் அது கன்னமிடல்: பகலில் இரண்டு வருடம் வரை, சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் என்றால் மூன்று வருடம் வரை. கன்னமிடலின் இந்த இரண்டு வகையும் ஜாமீனில் விடத்தகாத குற்றங்கள். இரவுப் பயணத் திட்டத்தை வாசகர் அப்படியே கைவிடுவது நல்லது. பகலில் நிற்காத வழக்கு இரவில் நிற்கக்கூடும்.

செக்யூரிட்டியின் அதிகாரமும் இதே ஏணியைச் சார்ந்ததுதான். தனியார் காவலாளி சட்டப்படி ஒரு சாதாரண குடிமகன். தன் கண்ணெதிரே, ஜாமீனில் விடத்தகாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால்தான் அவர் ஒருவரைப் பிடிக்க முடியும். பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு. பகலில் கேமராவோடு நடந்துபோகிறவரை வெளியே அனுப்பலாம், போலீஸைக் கூப்பிடலாம். அறையில் பூட்டிவைத்து, போனைப் பிடுங்கி வீடியோவை அழிக்க அவருக்கு உரிமையில்லை. நெய்வேலி போல மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கும் இடங்களில் கதை வேறு. 1968ஆம் ஆண்டுச் சட்டம், அத்துமீறியவரை வளாகத்திலிருந்து அகற்றவும், சொத்து தொடர்பான குற்றத்தில் சந்தேகப்படுபவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யவும் அந்தப் படைக்கு அதிகாரம் தருகிறது.

அத்துமீறியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் அதையும் நம்ப வேண்டாம். 'செருபின் கிரிகோரி எதிர் பீகார் அரசு' வழக்கில், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒருவர் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுச் செப்புக் கம்பியைக் கட்டிவைத்தார். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் அதில் பட்டு இறந்தார். கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்குக் கம்பியைக் கட்டியவருக்குக் கிடைத்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நுழைந்தவர் அத்துமீறியவர் என்பதற்காக அவருக்குப் பொறி வைக்க உரிமையாளருக்கு உரிமையில்லை என்றது.

ஆனால் அது வேண்டுமென்றே வைத்த பொறி. தானாக இற்றுப்போன இரும்புத் தளம் காலடியில் உடைந்தால் நிலைமை தலைகீழ். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்; தெரிந்தே ஆபத்தில் இறங்கினார் என்ற பதில் உடனே வரும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும், குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறும்போது பட்ட காயத்துக்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையை எடுத்து நீட்டப் பார்க்கும். இங்கிலாந்தின் டிட்காட் ஏ மின் நிலையம் 2013இல் மூடப்பட்டது. 2016 பிப்ரவரியில், இடிப்பு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த அதன் கொதிகலன் கட்டடம் சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலை தெரிந்து உள்ளே இருந்தவர்கள் அவர்கள்.

வீடியோவுக்கு வருவோம். கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதை அனுமதிக்கிறது. அலுவல்சார் ரகசியங்கள் சட்டம் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். மின் உற்பத்தி இடம் எல்லாமே அந்தச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடம் அல்ல. மத்திய அரசு அரசிதழில் அப்படி அறிவித்திருக்க வேண்டும். அங்கே போனவரின் நோக்கமும் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடானதாக இருக்க வேண்டும். உண்மையான தலைவலி வேறு. வீடியோ என்பது தேதி, முகம், குரல் எல்லாம் சேர்ந்த சாட்சியம். "செக்யூரிட்டிக்கு டிமிக்கி கொடுத்தோம்" என்று தலைப்பு வைத்தால், மாத்ரி தீர்ப்பு கொடுத்த பாதுகாப்பை வாசகரே தன் கையால் கிழித்துப் போட்டதாகிவிடும். மீட்டரைக் கையில் பிடித்துச் சிரிக்கும் காட்சி இருந்தால், எடுத்தவர் ஒருவர், உடன் நின்றவர்கள் மூவர் என்பது நால்வரின் பொது நோக்கம் என்று மாறும். இப்போதைக்கு வெளியிட வேண்டாம். போலீஸ் கேட்கக்கூடும் என்ற நிலையில் அவசர அவசரமாக அழிக்கவும் வேண்டாம். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம்.

முறையாகப் போக வழி இருக்கிறது, கொஞ்சம் நடையாக நடக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போட்டால், அந்த நிலையம் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது, பிரித்தெடுக்க ஒப்பந்தம் கொடுத்தாயிற்றா என்பதற்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் கையில் வந்த பிறகு, மாநில அரசின் நிலையம் என்றால் தமிழ்நாடு மின் உற்பத்திக் கழகத்துக்கும், ஒப்பந்ததாரர் இருந்தால் அவருக்கும் எழுத வேண்டும். தேதி, நேரம், எத்தனை பேர், தலைக்கவசம் உண்டா என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். ட்ரோன் பறக்கவிடுவதென்றால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். காவலாளிக்கு டீக்காசு கொடுத்து நுழைவது அனுமதி ஆகாது. அனுமதி இல்லையென்று தெரிந்தேதான் நுழைந்தார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சியாகிவிடும்.

இனி அந்த மீட்டர். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, மின் நிறுவல் இருக்கும் இடத்திலிருந்து கம்பி, மின்பொருள், மீட்டர் எதையும் உரிமையாளரின் சம்மதமின்றி எடுத்துச் செல்வதைக் குற்றமாக்குகிறது. 'மீட்டர்' என்ற சொல்லே அதில் இருக்கிறது. லாபத்துக்காக எடுத்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமே என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. நினைவுப் பொருள், காயலான் கடையில்கூட நூறு ரூபாய் பெறாது என்ற சமாதானம் அங்கே எடுபடாது. மூன்று வருடம் வரை சிறை. கழற்றும்போது பேனலை உடைத்திருந்தால், மின் உற்பத்தி, விநியோகச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் பின்னாலேயே வரலாம்; அதில் குறைந்தபட்சமே ஆறு மாதம். சாதாரணத் திருட்டாகப் பதிவானால் கொஞ்சம் கருணை உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் தடவையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு சமூக சேவையோடு விடுகிறது. எந்தச் சட்டத்தில் வழக்கு எழுதுவது என்பது வாசகர் கையில் இல்லை.

புகார் வருவதற்கு முன்பே பொருளைத் திருப்பிவிடுவதுதான் இப்போது செய்ய வேண்டியது. நண்பர் அதை மறுபடி மதில் இடுக்கு வழியாகக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. அது இரண்டாவது நுழைவு. ஒரு வழக்கறிஞர் மூலம், எப்படி எடுத்தோம் என்ற கதையோ மன்னிப்போ எதுவும் எழுதாமல், நிலையத்தின் பொறுப்பு அதிகாரி பெயருக்குப் தபால் பார்சலாக அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும். பார்சலில் அனுப்புநர் முகவரியாக வழக்கறிஞரின் அலுவலக முகவரி இருந்தால் போதும்.