வறட்சி வந்தால் காடு என்ன செய்யும்?



காப்பாரில் வாழும் நமக்கு மழை புதிய பொருளன்று. நமக்கு அண்மையிலுள்ள கோலாலம்பூரில் ஓராண்டில் ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழகத்தில் கரூர், தாராபுரம் வட்டாரங்களில் பெய்யும் மழை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே, "நம் நாட்டிலும் வறட்சி உண்டா?" என்று இளம் மாணவர்கள் வியப்புறலாம்.

ஆனால் 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாளை நம் பெற்றோர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், அன்று அவ்விரு பகுதிகளிலும் அரசாங்கம் அவசரகாலத்தை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே அமைந்திருப்பதுதான் நம் காப்பார். நம்மைச் சூழ்ந்த அப்புகையில் பெரும்பகுதி, கடலுக்கு அப்பால் சுமத்திராவில் எரிந்த காடுகளிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் வந்ததாகும்.

சதுப்பு நிலம் என்றால் நீர் நிறைந்த நிலம் அன்றோ? நீர் நிறைந்த நிலம் எவ்வாறு எரியும்? வறட்சி ஒன்றுதான் அதற்குக் காரணமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வறட்சி எங்கிருந்து வருகிறது?

சிலாங்கூரில் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களும், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களும் மழை குறைந்த காலங்களாகும். இது ஆண்டுதோறும் வரும் சிறு வறட்சி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரு வறட்சியும் வருவதுண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது 'எல் நினோ' என்னும் இயற்கை மாற்றமாகும்.

பசிபிக் பெருங்கடலில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிக் காற்று வீசுகிறது. அக்காற்று சூடான கடல்நீரை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. சூடான கடலுக்கு மேலே மேகம் திரண்டு மழை பொழிகிறது. சில ஆண்டுகளில் அக்காற்று வலுவிழந்து விடுகிறது. சூடான நீரும் மழை மேகமும் கிழக்கே நகர்ந்து விடுகின்றன. அப்போது இந்தோனேசியாவும் மலேசியாவும் வறட்சிக்கு உள்ளாகின்றன. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழையும் பல வேளைகளில் குன்றிவிடுகிறது.

நம் முன்னோர் 'தாது வருடப் பஞ்சம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1877இல் மிகப்பெரிய எல் நினோ நிகழ்ந்ததென்று பிற்கால ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அக்காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள் பலர். வறட்சி என்பது நம் குடும்ப வரலாற்றிலேயே இடம்பெற்ற ஒன்று என்பதை நாம் உணர வேண்டும்.

மரத்தின் சேமிப்பு

சிக்கனமான குடும்பம், வருமானம் இல்லாத மாதத்திற்கென்று சிறிது பணத்தைச் சேமித்து வைக்கும். அதுபோல, ஒவ்வொரு நிலமும் மழை இல்லாத காலத்திற்கென்று ஒரு சேமிப்பை வைத்திருக்கிறது. அச்சேமிப்பு இருக்கும்வரை நிலம் வறட்சியைத் தாங்கும். சேமிப்பை இழந்த நிலமே வறட்சியில் அழிகிறது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்தாகும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். மரம் வேரால் நீரை உறிஞ்சி, இலைகளில் உள்ள நுண்ணிய துளைகளின் வழியாக ஆவியாக வெளியிடுகிறது. மண்ணில் நீர் குறைந்ததும் மரம் அத்துளைகளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே வர வழியில்லை, உணவு தயாரிப்பும் குறைகிறது. வறட்சி மேலும் நீடித்தால், தண்டினுள் நீரேறும் குழாய்களில் காற்றுக் குமிழிகள் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. நீரை நெடுந்தூரம் மேலே ஏற்றவேண்டிய உயர்ந்த மரங்களே பெரும்பாலும் முதலில் பட்டுப்போகின்றன.

பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இவ்வுண்மை தெரியும். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வாரங்களில் பால்மரங்கள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன, பாலும் குறைகிறது. மரம் தன் செலவைக் குறைத்துக்கொள்ளும் முறை அது. செம்பனையின் இயல்பு வேறு. கடும் வறட்சியில் அது பெண்பூக்களைக் குறைத்து, ஆண்பூக்களை மிகுதியாக வெளியிடுகிறது. ஆண்பூ குலையாவதில்லை. அதனால் வறட்சியின் விளைவு உடனே தெரியாமல், ஓராண்டு இரண்டாண்டு கழித்துக் குலைகள் குறைவதில் வெளிப்படுகிறது. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டிலும் குலை குறைந்தால், பழைய வறட்சியையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வறட்சியால் தீமை மட்டுமே விளையும் என்று எண்ணிவிடலாகாது. மெராந்தி, கெருயிங் முதலிய நம் காட்டு மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில வாரங்கள் மழையின்றி, இரவுகள் சற்றே குளிர்ந்த பிறகு, பல வகை மரங்கள் ஒன்றாகப் பூத்துக் குலுங்குகின்றன. பெருந்தேனீக் கூட்டங்கள் அம்மலர்களைத் தேடி வருகின்றன. பின்னர் இறக்கை முளைத்த விதைகள் சுழன்று சுழன்று நிலத்தில் விழுகின்றன. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் அறிஞர்கள் இதனைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அளவான வறட்சி காட்டிற்கு ஒரு மணியோசை போன்றது. அதைக் கேட்டுக் காடு தன் அடுத்த தலைமுறைக்கு விதையிடுகிறது.

அதே காட்டில் மரங்களை வெட்டிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. 1982-83ஆம் ஆண்டுகளின் எல் நினோ வறட்சியின்போது போர்னியோ தீவின் கிழக்குக் கலிமந்தானில் ஏறத்தாழ 35 இலட்சம் ஹெக்டர் நிலம் தீக்கிரையாயிற்று. மரம் வெட்டப்பட்ட காடுகளிலேயே சேதம் மிகுதி. வெட்டப்படாத காட்டில் நிழல் அடர்ந்திருந்தது. தரையில் ஈரம் இருந்தது. வெட்டப்பட்ட காட்டிலோ வெயில் தரையைத் தொட்டது; எஞ்சிய கிளைகளும் சருகுகளும் விறகாகக் காய்ந்து கிடந்தன. காட்டின் சேமிப்பு நிழலும் ஈரமுமே ஆகும்.

புல்லின் சேமிப்பு

புல்வெளியின் சேமிப்பு கண்ணுக்குத் தெரியாது. அது மண்ணுக்குள் வேராக இருக்கிறது. தமிழகத்தில் காங்கேயம் காளைகள் மேயும் மேய்ச்சல் நிலத்தைக் 'கொறங்காடு' என்பர். முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும், அங்கங்கே வெள்வேல மரமும் வளர்ந்திருக்கும். கோடையில் அந்நிலம் காய்ந்து பழுப்பாகி, இறந்ததுபோல் தோன்றும். மழை பெய்ததும் வேரிலிருந்து மீண்டும் பசுமை துளிர்க்கும். உழவர்கள் நிலத்தைப் பகுதி பகுதியாக வேலியிட்டு, ஒன்றில் மாடுகள் மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு தருவர். ஓய்வின்றி அடிவரை மேயவிட்டால் வேர் வலுவிழக்கும். அடுத்த மழைக்கு முளைக்கப் புல் இராது.

நம் ஊரில் லாலான் புல்லைக் காணாதவர் யார்? அதன் தண்டு மண்ணுக்கடியில் படர்ந்திருக்கிறது. வறட்சியில் மேற்புல் காய்ந்து எளிதில் தீப்பற்றும். தீயில் மரக்கன்றுகள் மடிகின்றன. லாலானோ மண்ணுக்கடியிலிருந்து மீண்டும் தழைக்கிறது. ஆண்டுதோறும் தீ வைக்கப்படும் நிலம் இவ்வாறுதான் காடாக வளர முடியாமல் லாலான் வெளியாகவே நின்றுவிடுகிறது.

கம்புட் நிலத்தின் சேமிப்பு

இப்போது நம் முதல் வினாவுக்கு வருவோம். மலாய் மொழியில் 'தானா கம்புட்' என வழங்கும் நிலத்தைச் சிலாங்கூர்த் தோட்ட மக்கள் நன்கறிவர். சதுப்புக் காட்டில் விழும் இலைகளும் கிளைகளும் வேர்களும் நீரில் மூழ்கிக் கிடப்பதால் முழுவதும் மக்குவதில்லை. அவை ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில் மட்டுமே சேர்ந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் பல மீட்டர் ஆழமுள்ள கரிய மண்ணாகின்றன. இயற்கை நிலையில் அம்மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. நீரில் ஊறிய பஞ்சுபோல் அது மழைநீரைத் தாங்கி, வறண்ட காலத்தில் மெல்ல மெல்ல வெளியிடுகிறது.

அந்நிலத்தில் ஆழமான வடிகால் வெட்டினால் என்ன ஆகும்? பஞ்சைப் பிழிந்ததுபோல் நீர் வெளியேறிவிடும். மண் அமுங்கி, நிலமட்டம் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். மிகவும் காய்ந்துவிட்ட கம்புட் மண்ணில் மீண்டும் மழை பெய்தாலும் அது முன்போல் நீரை ஏற்பதில்லை. பின்பு அது மண்ணன்று, விறகே எனலாம். வறண்ட நாளில் யாரோ வைத்த சிறு நெருப்பு மண்ணுக்குள் இறங்கி, சுவாலையின்றிப் புகைந்தபடி பல நாள்கள், சில வேளைகளில் பல வாரங்கள், பரவிச் செல்லும். மேலே நீரைப் பீய்ச்சினால் போதாது. நிலம் முழுவதும் நனைய வேண்டும். தீயணைப்பு வீரர்கள் படும் துன்பம் சொல்லுந்தரமன்று.

2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் சிலாங்கூரில் மழை பொய்த்தபோது, ஒரு பக்கம் குடிநீர் பங்கீடு செய்யப்பட்டது. மறுபக்கம் கம்புட் நிலங்களில் தீப்பிடித்தது. கிள்ளான் துறைமுக வட்டாரத்தில் காற்று மிகவும் கெட்டது. இம்முறை புகை கடல் கடந்து மட்டும் வரவில்லை; நம் மாநிலத்து மண்ணிலிருந்தும் எழுந்தது.

ஆகவே, ஈர நிலத்தை எரியச் செய்வது வறட்சி மட்டுமன்று. வடிகால் நீரைப் பறிக்கிறது. வறட்சி காய வைக்கிறது. மனிதன் கை தீயை மூட்டுகிறது. இம்மூன்றும் சேரும்போதுதான் பேரழிவு நேர்கிறது. வறட்சியைத் தடுக்க நம்மால் இயலாது. மற்ற இரண்டும் நம் கையில் உள்ளன.

ராஜா மூசா தரும் பாடம்

காப்பாருக்கு வடக்கே, பெஸ்தாரி ஜெயா என இன்று பெயர் பெற்றுள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில், ராஜா மூசா வனக் காப்பகம் இருக்கிறது. சுங்கை காராங் காப்பகத்தோடு சேர்ந்து அது வட சிலாங்கூரின் பெரும் சதுப்புக் காடாக விளங்குகிறது. தஞ்சோங் காராங் நெல்வயல்களின் நீர்வளத்திற்கும் அக்காடு துணை நிற்கிறது. வெட்டிய மரங்களைக் கொண்டுவர முற்காலத்தில் அங்கே பல கால்வாய்கள் தோண்டப்பட்டன. மரம் போன பின்னும் கால்வாய்கள் நின்றுவிடவில்லை. காட்டின் நீரை வடித்துக்கொண்டே இருந்தன. அத்துமீறி நுழைந்தவர்களும் காட்டை அழித்தனர். வறண்ட காலங்களில் தீ மீண்டும் மீண்டும் மூண்டது.

2008ஆம் ஆண்டு முதல் சிலாங்கூர் வன இலாகாவும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்னும் அமைப்பும் அக்காட்டைச் சீர்செய்யும் பணியில் ஈடுபட்டன. அவர்கள் செய்த முதல் வேலை கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டியதேயாகும். நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் தீயின் ஆபத்து குறைந்தது. பின்னர்த் தொண்டர்களும் மாணவர்களும் வந்து மரக்கன்றுகளை நட்டனர். முதலில் நீர், அதன்பின் மரம் என்னும் ஒழுங்கை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தோனேசியாவும் கம்புட் நிலங்களில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கலாகாது என்று சட்டம் செய்துள்ளது.

நாம் செய்யத்தக்கவை

காட்டைக் காப்பது அரசாங்கத்தின் வேலை என்று நாம் வாளாவிருக்கலாகாது. வறண்ட காலத்தில் வீட்டுக் குப்பையையும் சருகையும் எரிப்பதை விட்டொழிப்போம். சருகை வாழை மரத்தடியிலும் பூச்செடியின் அடியிலும் இட்டால், அது மண்ணின் ஈரத்தைக் காக்கும், நாளடைவில் எருவுமாகும். புகைக்கும் துண்டுகளை லாலான் மேட்டில் வீசாமலிருக்கும்படி நம் வீட்டுப் பெரியவர்களை அன்போடு கேட்டுக்கொள்வோம். நிலத்திலிருந்து புகை எழக் கண்டால், சிறு புகைதானே என்று கடந்து செல்லாமல், உடனே 999 என்ற எண்ணுக்குத் தெரிவிப்போம்.

தோட்டப் பாட்டாளிகளின் அனுபவம் இங்கே பெருந்துணையாகும். மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல், துண்டாக்கி வரிசையாக அடுக்கி மக்கவிடும் முறை 1980களின் இறுதி முதல் நம் நாட்டுத் தோட்டங்களில் பரவியது. தீயில்லாமலும் நிலத்தைப் பண்படுத்தலாம் என்பதை நம் பெற்றோரின் கைகளே மெய்ப்பித்துள்ளன. வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே பரப்பி மண்ணின் ஈரத்தைக் காப்பவர்களும் அவர்களே. பெற்றோர்களே, நீங்கள் அறிந்த இவ்வுண்மைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தாருங்கள். அவை நூலில் எளிதில் கிடைக்காத பாடங்கள்.

மழை வானம் தரும் வருமானம். நிழலும் வேரும் நிலத்தடி நீரும் நிலத்தின் சேமிப்பு. வருமானம் நம் விருப்பப்படி வருவதில்லை. சேமிப்பை அழிக்காமல் காப்பது நம் கடமை. அடுத்த பெரு வறட்சி வரும்போது நம் பள்ளி மாணவர்கள் தூய காற்றைச் சுவாசித்துக்கொண்டு வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டுமானால், மழை பெய்யும் இந்நாள்களிலேயே அக்கடமையைத் தொடங்குவோமாக!

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு பால் டின்களில் சம அளவு மண்ணை நிரப்புங்கள். ஒன்றின் மேல் காய்ந்த இலைகளைத் தடிப்பாகப் பரப்புங்கள். மற்றதைத் திறந்தபடி விடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு நீர் ஊற்றி, மழை படாத வெயிலில் வையுங்கள். மூன்று நாள்களுக்குப் பின் இரண்டு டின்களிலும் விரலை விட்டுப் பாருங்கள். எதில் ஈரம் மிகுதி? ஏன்?

வினாக்கள்

1. எல் நினோ ஆண்டில் நம் நாட்டில் மழை குறைவது எதனால்?
2. செம்பனையில் வறட்சியின் விளைவு காலந்தாழ்த்தித் தெரிவதேன்?
3. லாலான் புல் தீக்குப் பின்னும் தழைப்பது எவ்வாறு?
4. ராஜா மூசா காட்டில் மரம் நடுவதற்கு முன் கால்வாய்களை அடைத்தது ஏன்?
5. உங்கள் தாத்தா பாட்டியிடம் அவர்கள் கண்ட வறட்சியைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.